லாஞ்ச் ரேட்டுக்கு ஆசைப்பட்டு புக் பண்றீங்களா? முதல்ல இந்த வாடகைக் கணக்கைப் போட்டுப் பாருங்க!

இரண்டு வாரத்துக்கு முன்னால், தாம்பரம் தாண்டி ஒரு மாதிரி ஃப்ளாட்டைப் பார்க்க நண்பனோடும் அவன் மனைவியோடும் போயிருந்தேன். உள்ளே நுழைந்ததும் ஏ.சி குளிர், கையில் ஜூஸ், சுவர் முழுக்கக் கண்ணாடி. படுக்கையறையில் கிடந்த கட்டில் வழக்கமான அளவைவிடச் சின்னது என்பதை நண்பனின் மனைவிதான் கண்டுபிடித்தார். "நம்ம கட்டிலைப் போட்டா பீரோவைத் திறக்கவே முடியாதுங்க" என்றார். கூடவே வந்த விற்பனைப் பிரதிநிதி சிரித்துவிட்டுப் பேச்சை மாற்றினார். "மேடம், இன்னைக்கு புக் பண்ணா லாஞ்ச் ரேட். அடுத்த வாரம் சதுர அடிக்கு 200 ரூபா ஏறிடும்."

ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தோம். கட்டடம் வரப்போகும் இடத்தில் அப்போதைக்கு இருந்தது ஒரு பள்ளம், இரண்டு ஜே.சி.பி. வீடு கைக்கு வர 3 வருஷம் ஆகும் என்றார்கள்.

நண்பனுக்கு 31 வயது. குரோம்பேட்டையில் மாசம் 18,000 ரூபாய் வாடகை. இரண்டு வீட்டு அப்பாக்களும் போனில் சொல்வது ஒரே வசனம்தான். "வாடகைக்குக் கொடுக்கிற காசுல இ.எம்.ஐ கட்டினா வீடாவது மிஞ்சும்ல?" முதல் வீடு வாங்கக் கிளம்பும் எல்லோரையும் கிளப்பிவிடும் வசனம் இது. கட்டி முடித்த வீட்டுக்கு இது ஓரளவு பொருந்தும். பள்ளமாக இருக்கும் வீட்டுக்குப் பொருந்தாது. அங்கே வாடகையும் கட்டணும், வங்கிக்கும் கட்டணும்.

இப்போ ஏன் இவ்வளவு விளம்பரம்?

காரணம் இருக்கிறது. 2025-ல் ரிசர்வ் வங்கி ரெப்போ விகிதத்தை நான்கு முறை குறைத்தது. 6.5 சதவிகிதமாக இருந்தது, டிசம்பரில் 5.25-க்கு வந்தது. அதோடு சேர்ந்து வீட்டுக்கடன் வட்டியும் இறங்கியது. செப்டம்பர் 22 முதல் சிமென்ட் மீதான ஜி.எஸ்.டி 28-லிருந்து 18 சதவிகிதமானது. அதற்கு முன்பே, 2023 டிசம்பரில் புதிய அடுக்குமாடி வீடுகளின் முதல் விற்பனைக்கான பதிவுச் செலவைத் தமிழக அரசு மாற்றியமைத்திருந்தது. முத்திரைத்தீர்வை, பதிவுக்கட்டணம் இரண்டும் சேர்த்து 50 லட்சம் வரை 6 சதவிகிதம். 50 லட்சத்துக்கு மேல் 3 கோடி வரை 7 சதவிகிதம். பழைய வீட்டை மறுவிற்பனையில் வாங்கினால் இதுவே 9 சதவிகிதம்.

ஆக, புது வீடு பக்கம் காற்று அடிப்பது உண்மைதான். ஆனால், சிமென்ட் வரி குறைந்தது பில்டரின் செலவில். நீங்கள் கட்டும் ஜி.எஸ்.டி அப்படியேதான் இருக்கிறது. கட்டுமானத்தில் உள்ள வீட்டுக்கு 5 சதவிகிதம். சென்னை போன்ற பெருநகரத்தில் 45 லட்சத்துக்கு மிகாமல், கார்ப்பெட் ஏரியா 60 சதுர மீட்டருக்குள் இருந்தால் மட்டும் 1 சதவிகிதம். பணி நிறைவுச் சான்று வாங்கிய பிறகு விற்கப்படும் வீட்டுக்கு ஜி.எஸ்.டி-யே கிடையாது. "சிமென்ட் வரி குறைஞ்சிருக்கே, விலையில என்ன குறைச்சீங்க?" என்று கேட்டுப் பாருங்கள். கேட்பதற்குக் காசா, பணமா?

காத்திருப்பின் விலை

அன்றைக்கு சாயங்காலம் டீக்கடையில் உட்கார்ந்து மொபைலில் கணக்குப் போட்டோம். வீடு 1,000 சதுர அடி, சதுர அடி 6,000 ரூபாய், மொத்தம் 60 லட்சம். 30 லட்சத்துக்கு மேல் 75 லட்சம் வரையான கடனுக்கு வீட்டு மதிப்பில் 80 சதவிகிதம்தான் வங்கி தர முடியும். அதன்படி கடன் 48 லட்சம். வட்டி 8 சதவிகிதம், 20 வருஷம் என்று வைத்துக்கொண்டோம்.

இதே விலைக்குக் கட்டி முடித்த புது வீடு கிடைத்தால், இ.எம்.ஐ சுமார் 40,150 ரூபாய். குடி போய்விடலாம், வாடகை நின்றுவிடும். முதல் 3 வருஷத்தில் வட்டியாகப் போவது சுமார் 11 லட்சம். அசலிலும் 3 லட்சத்துக்கு மேல் அடைந்திருக்கும்.

கட்டிக்கொண்டிருக்கும் வீடு என்றால், கட்டட வேலை நகர நகர வங்கி பணத்தை விடும். விட்ட தொகைக்கு வட்டி மட்டும் கட்டலாம். இதற்குப் பெயர் ப்ரீ இ.எம்.ஐ. 48 லட்சமும் 3 வருஷத்தில் சீராக வெளியே போகிறது என்று வைத்தால் வட்டி சுமார் 5.75 லட்சம். 36 மாத வாடகை 6.48 லட்சம். ஜி.எஸ்.டி 3 லட்சம். மொத்தம் 15 லட்சத்துக்குக் கொஞ்சம் மேலே. அசலில் ஒரு ரூபாய்கூடக் குறைந்திருக்காது.

வித்தியாசம் சுமார் 4 லட்சம். 1,000 சதுர அடிக்குப் பிரித்தால் சதுர அடிக்கு 400 ரூபாய். அதாவது, அதே ஏரியாவில் கட்டி முடித்த புது வீட்டைவிட, பள்ளத்தில் இருக்கும் வீடு சதுர அடிக்கு 400 ரூபாயாவது குறைவாக இருந்தால்தான் இரண்டும் சமம். பிரதிநிதி காட்டிய லாபம் 200 ரூபாய்.

மாசக் கணக்கில் பார்த்தால் இன்னும் இறுக்கும். கடைசி மாதங்களில் கிட்டத்தட்ட முழுக் கடனும் வெளியே போயிருக்கும். அப்போது வட்டி மட்டும் 32,000, வாடகை 18,000. ஆக மொத்தம் 50,000 ரூபாய். சொந்த வீட்டில் இருப்பவர் 40,000 கட்டும்போது, வாடகை வீட்டில் இருந்துகொண்டு நீங்கள் 50,000 கட்டுவீர்கள். ஒப்படைப்பு ஒரு வருஷம் தள்ளிப்போனால் கூடுதல் வாடகை மட்டுமே 2.16 லட்சம். அந்த 200 ரூபாய் லாபத்தை ஒரு வருஷத் தாமதம் முழுசாகச் சாப்பிட்டுவிடும்.

"வட்டிக்கு வரிச்சலுகை வருமே?" என்று நண்பன் கேட்டான். சொந்தக் குடியிருப்புக்கான 2 லட்சம் வரையான வட்டிக் கழிவு பழைய வரி முறையில்தான் உண்டு. அதுவும் வீடு கட்டி முடிந்த ஆண்டிலிருந்துதான். அதற்கு முன் கட்டிய வட்டியை 5 சம தவணைகளாக, அதே 2 லட்சம் வரம்புக்குள் கழிக்கலாம். புதிய வரி முறையில் இருப்பவருக்கு இந்தச் சலுகை இல்லை. நண்பன் இருப்பது புதிய முறையில்.

சட்டம் எவ்வளவு தூரம் கூட வரும்?

2014 ஜூன் 28-ம் தேதியைச் சென்னை மறந்திருக்காது. மௌலிவாக்கத்தில் கட்டிக்கொண்டிருந்த 11 மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் இறந்தார்கள். பக்கத்திலேயே இருந்த இன்னொரு கட்டடம் 2016 நவம்பரில் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. அந்தத் திட்டத்திலும் வீடு வாங்க பணம் கட்டிக் காத்திருந்த குடும்பங்கள் இருந்தன.

2016-ல் வந்த ரெரா சட்டம் வாங்குபவரின் நிலையைக் கொஞ்சம் நிமிர்த்தியது. விற்பனை ஒப்பந்தத்தைப் பதிவுசெய்யாமல் வீட்டு விலையில் 10 சதவிகிதத்துக்கு மேல் முன்பணம் வாங்கக் கூடாது. வாங்குபவர்களிடமிருந்து பெறும் பணத்தில் 70 சதவிகிதம், அந்தத் திட்டத்துக்கென்றே உள்ள தனிக் கணக்கில் இருக்கணும். வேலை எந்த நிலையில் இருக்கிறது என்று 3 மாதத்துக்கு ஒருமுறை இணையதளத்தில் ஏற்றணும். ஒப்படைத்த 5 வருஷத்துக்குள் கட்டமைப்பில் குறை தெரிந்தால் பில்டர்தான் சரிசெய்து தரணும். சொன்ன தேதியில் வீடு தராவிட்டால், விலகிக்கொண்டு வட்டியோடு பணத்தைத் திரும்பக் கேட்கலாம். அல்லது காத்திருந்து, தாமதமாகும் ஒவ்வொரு மாதத்துக்கும் வட்டி கேட்கலாம். பணத்தைத் திரும்பக் கேட்பது நிபந்தனையற்ற உரிமை என்று 2021 நவம்பரில் உச்ச நீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

ஆனால், உரிமை இருப்பது வேறு, பணம் கைக்கு வருவது வேறு. புகார், விசாரணை, உத்தரவு, அதை நிறைவேற்றும் நடவடிக்கை என எல்லாம் முடியும்வரை வங்கி உங்கள் வட்டியை நிறுத்தாது. எனவே, ரெராவை வழக்கு போடும் இடமாகப் பார்ப்பதைவிட, வாங்குவதற்கு முன் விசாரிக்கும் இடமாகப் பார்ப்பது நல்லது. தமிழ்நாடு ரெரா இணையதளத்தில் திட்டத்தின் பதிவு எண்ணைப் போட்டு, பில்டர் அரசிடம் ஒப்புக்கொண்ட முடிவுத் தேதி என்ன என்று பாருங்கள். விற்பனை அலுவலகத்தில் வாயால் சொல்லும் தேதியோடு அது ஒத்துப்போகிறதா? அதே பில்டரின் முந்தைய திட்டங்கள் எப்போது முடிந்தன? அவர் மீது என்ன உத்தரவுகள் வந்திருக்கின்றன?

இன்னொரு எச்சரிக்கை. 500 சதுர மீட்டருக்கு மிகாத மனையில், 8 வீடுகளுக்கு மிகாமல் கட்டினால் ரெரா பதிவு தேவையில்லை. 500 சதுர மீட்டர் என்பது 2 கிரவுண்டுக்குச் சற்று அதிகம். புறநகரில் தெருவுக்குத் தெரு முளைக்கும் 4 வீடு, 6 வீடு கட்டடங்கள் பெரும்பாலும் இந்தக் கணக்குக்குள் வந்துவிடும். அங்கே மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கச் சான்று, திட்ட அனுமதி எல்லாவற்றையும் ஒரு வக்கீல் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வதைத் தவிர வேறு வழி இல்லை.

1,000 சதுர அடியில் உங்களுடையது எவ்வளவு?

விளம்பரத்தில் வரும் 1,000 சதுர அடியில் படிக்கட்டு, லிஃப்ட், காரிடார் எல்லாம் அடக்கம். வீட்டுக்குள் நீங்கள் நடக்கும் இடம்தான் கார்ப்பெட் ஏரியா. ரெரா ஒப்பந்தத்தில் அது கட்டாயம் இருக்கும். அது 720 சதுர அடி என்றால், 60 லட்சத்தை அதால் வகுத்துப் பாருங்கள். 6,000 என்று நினைத்த விலை 8,300-ஐத் தாண்டும். இரண்டு திட்டங்களை ஒப்பிடும்போது இந்த எண்ணை வைத்து ஒப்பிடுங்கள்.

அடுத்தது யு.டி.எஸ், அதாவது பிரிக்கப்படாத மனைப் பங்கு. கட்டடம் பழசாகும், மண்தான் நிற்கும். சாதாரண கட்டடங்களுக்குத் தமிழ்நாட்டில் தளப்பரப்புக் குறியீடு 2, உயரமான கட்டடங்களுக்கு 3.25. மேலோட்டமாகச் சொன்னால், 1,000 சதுர அடி வீட்டுக்கு முதல் வகையில் சுமார் 500 சதுர அடி மண் கிடைக்கும். இரண்டாவதில் சுமார் 300. நீச்சல் குளம், ஜிம், 14-வது மாடிக் காற்று என்று எதை வேண்டுமானாலும் தேர்ந்தெடுங்கள். ஆனால், அதற்காக எவ்வளவு மண்ணை விட்டுக்கொடுக்கிறோம் என்று தெரிந்து தேர்ந்தெடுங்கள்.

கட்டி முடித்த வீட்டுக்கு இன்னொரு சௌகரியம், மழைக்காலத்தில் போய்ப் பார்க்கலாம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பர் மிக்ஜாம் புயலிலும் தெருவில் எவ்வளவு தண்ணீர் நின்றது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் கேளுங்கள். சரியாகச் சொல்வார். கட்டாத வீட்டுக்கும் இந்த விசாரிப்பு அவசியம். ஏனென்றால், பள்ளமான பகுதியில் உங்கள் கட்டடத்தை உயர்த்திக் கட்டுவார்கள், தெருவை உயர்த்த மாட்டார்கள்.

அப்போ புதுசு வேண்டவே வேண்டாமா?

அப்படிச் சொல்லவில்லை. பெற்றோர் வீட்டில் இருப்பவருக்கு வாடகை இல்லை. எனவே, காத்திருப்பின் விலை வெகுவாகக் குறைந்துவிடும். அவருக்கு லாஞ்ச் ரேட் உண்மையிலேயே லாபமாக இருக்கலாம். பணத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திரட்ட அவகாசம் வேண்டும் என்பவருக்கும் கட்டுமானத் தவணை உதவும். பழைய ஃப்ளாட்டில் பராமரிப்பு, பார்க்கிங் தகராறு, 9 சதவிகிதப் பதிவுச் செலவு என்று வேறு தலைவலிகள் உண்டு.

வாடகை வீட்டில் இருந்துகொண்டு வாங்குபவர்கள்தான் யோசிக்கணும். அதிலும் இரண்டு சம்பளத்தை நம்பிக் கடன் வாங்குபவர்கள் இன்னும் யோசிக்கணும். குழந்தை பிறந்து ஒரு வருஷம் ஒரு சம்பளம் நின்றாலும் அந்த 50,000-ஐக் கட்ட முடியுமா? முடியும் என்றால் கட்டுமானத்தில் உள்ள வீட்டைப் பாருங்கள். இல்லையென்றால், பணி நிறைவுச் சான்று வாங்கிய திட்டத்தில் விற்காமல் மிச்சமிருக்கும் வீடுகளைத் தேடுங்கள். புது வீடுதான், முதல் விற்பனைதான், ஜி.எஸ்.டி இல்லை, அடுத்த மாதமே பால் காய்ச்சலாம். விலை கொஞ்சம் அதிகம் சொல்வார்கள். அந்த அதிகம் 400 ரூபாய்க்குள் இருக்கிறதா என்று மட்டும் பாருங்கள். உங்கள் வாடகை, கடன் தொகையைப் போட்டால் அந்த எண் மாறும். கணக்கு முறை மாறாது.

நண்பன் அன்றைக்கு புக் பண்ணவில்லை. ரெரா பதிவு எண்ணையும் ஒப்பந்த மாதிரியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பச் சொல்லிவிட்டு வந்தான். ஒரு வாரம் கழித்து பிரதிநிதியிடமிருந்து மெசேஜ் வந்தது. கேட்ட இரண்டும் அதில் இல்லை. "லாஞ்ச் ரேட் மாசக் கடைசி வரைக்கும் நீட்டிப்பு" என்று மட்டும் இருந்தது.

நண்பனின் மனைவி இப்போது டேப் வாங்கி வைத்திருக்கிறார். அடுத்த ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூரில் கட்டி முடித்த ஒரு வீட்டைப் பார்க்கப் போகிறார்கள். முதலில் கட்டில் அளவு, அப்புறம்தான் ஜூஸ் என்று சொல்லியிருக்கிறார்.