தேமல் என்று தள்ளிவிடாதீர்கள்!

ரவாங் வட்டாரத்தில் லயத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு, உடம்பில் ஒரு வெளிறிய திட்டு வந்தால் இரண்டே எண்ணம்தான் வரும். ஒன்று, “தேமல்தான், எலுமிச்சம்பழம் தேய்ச்சா போயிடும்.” மற்றது வாய்விட்டுச் சொல்லாத பயம். பக்கத்திலேயே சுங்கை பூலோ. 1930இல் அங்கே தொழுநோயாளிகளுக்கான குடியிருப்பு திறக்கப்பட்டது. “கொண்டுபோய் விட்டுருவாங்க” என்று பெரியவர்கள் சொல்லக் கேட்டு வளர்ந்தவர்கள் நாம். அதனால் திட்டைக் கண்டால் காட்டுவதில்லை, கைலிக்குள் மறைக்கிறோம்.

மூன்றாவதாக ஒன்றும் இருக்கலாம். அதன் பெயர் மைக்கோசிஸ் ஃபங்காய்டிஸ். 1806இல் பாரிஸ் மருத்துவர் அலிபேர் இதை முதலில் விவரித்தார். முற்றிய நிலையில் காளான் போல் கட்டிகள் முளைப்பதால் வந்த பெயர் இது. மற்றபடி காளானுக்கும் பூஞ்சைக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. நோயை எதிர்க்க வேண்டிய வெள்ளை அணுக்களில் ஒரு வகை, தோலில் தங்கிக் கட்டுக்கடங்காமல் பெருகுகிறது. நிணநீர்ப் புற்றுநோயில் இது ஒரு வகை. அபூர்வமான நோய்தான். ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றாது.

வெள்ளைக்காரர் தோலில் இது சிவந்த படையாகத் தெரியும். நம் கறுப்புத் தோலில் அந்தச் சிவப்பு தெரியாது. ஊதா கலந்த கறுப்பாகவோ, சாம்பல் நிறமாகவோ, பழுப்பாகவோ தெரியும். பல பேருக்கு, அதிலும் இளம் வயதினருக்கு, நிறம் மங்கிய திட்டாகவே வரும். அதனால்தான் தேமல், வெண்படை, படர்தாமரை, கரப்பான் என்று ஆளுக்கொரு பெயர் வைத்து ஆண்டுக்கணக்கில் காலம் ஓடிவிடுகிறது.

கண்டுகொள்ள வழி உண்டு. திட்டு எங்கே இருக்கிறது என்று முதலில் பாருங்கள். வெயில் படாத இடங்களான பிட்டம், இடுப்பு, தொடை, மார்பு, முதுகு ஆகியவற்றில்தான் இது பெரும்பாலும் வரும். வெண்படை பால் போல் முழு வெள்ளையாகும். இது பாதி மங்கலாக நிற்கும். தொழுநோய்த் திட்டில் உணர்ச்சி குறையும். இதில் பெரும்பாலும் உணர்ச்சி இருக்கும். தேமலாக இருந்தால் பூஞ்சை மருந்தில் செதில் அடங்கி, சில மாதங்களில் நிறம் திரும்பும். இதுவோ அதற்கு மசியாது. அரிப்பு இருக்கலாம், இல்லாமலும் போகலாம். ஆனால் கண்ணால் பார்த்து யாரும் முடிவு கட்ட முடியாது. தோலில் சிறு துணுக்கு எடுத்துச் சோதிக்க வேண்டும். ஒரு தடவையில் பிடிபடாவிட்டால் மறுபடியும் எடுக்க வேண்டியிருக்கும்.

மருந்துக்கடை களிம்பு மேல் நமக்குள்ள நம்பிக்கைதான் பெரிய வினை. ஸ்டீராய்டு கலந்த களிம்பு திட்டைக் கொஞ்ச நாள் அமுக்கி வைக்கும். “ஆறிடுச்சு” என்று நினைப்போம். விட்டதும் திரும்பும். உள்ளே நோய் மெல்ல நடந்துகொண்டே இருக்கும். திட்டு தடிக்கும், சிலருக்குக் கட்டியாகும், இன்னும் சிலருக்கு நிணநீர்க் கணுக்களுக்கும் ரத்தத்துக்கும் போய்விடும்.

ஆரம்பத்திலேயே பிடித்தால் பயமில்லை. களிம்பும் ஒளிச் சிகிச்சையும் போதும். மற்றவர்களைப் போலவே பெரும்பாலோர் நெடுநாள் வாழலாம்.

ஆனால் ஒளிச் சிகிச்சைக்கு வாரம் இரண்டு மூன்று முறை, மாதக்கணக்கில் போக வேண்டும். வாரம் இரண்டு என்றாலே மூன்று மாதத்தில் 24 நாள் ஆகிறது. 1955ஆம் ஆண்டு வேலைச் சட்டப்படி, ஐந்து ஆண்டுக்கு மேல் வேலை செய்தவருக்கே ஆண்டுக்கு 22 நாள்தான் சம்பளத்தோடு மருத்துவ விடுப்பு. மிச்ச நாளுக்குச் சம்பளம் யார் கொடுப்பது? நாள் கூலி போகுமே என்று சிகிச்சையைப் பாதியில் விடுவது தொழிலாளியின் குற்றமா? இப்படிப்பட்ட நீண்ட சிகிச்சைக்குத் தனி நேர அனுமதி கேட்டு நிர்வாகத்தோடு பேச வேண்டியது தொழிற்சங்கத்தின் கடமை என்று நாம் சொல்கிறோம்.

மருத்துவர்களிடமும் ஒன்று கேட்கிறோம். பாடப்புத்தகப் படங்களில் பெரும்பாலானவை வெள்ளைத் தோல். லண்டனில் மலோன் முக்வெண்டே என்ற மருத்துவ மாணவர் இந்தக் குறையைக் கண்டு, 2020இல் தம் ஆசிரியர்களோடு சேர்ந்து கறுப்புத் தோலில் நோய்க்குறிகளைக் காட்டும் கையேடு வெளியிட்டார். நம் நாட்டில் கறுப்புத் தோல் அதிசயமல்ல. இரண்டு டியூப் களிம்புக்கும் மசியாத திட்டுக்கு மூன்றாவது டியூப் எழுதாதீர்கள். தோல் நிபுணருக்குக் கடிதம் எழுதுங்கள்.

நம் பங்கும் இருக்கிறது. வெட்கத்தை விடுவோம். தாய்மார்களே, பிள்ளையைக் குளிப்பாட்டும்போது இடுப்பையும் முதுகையும் பாருங்கள். பல மாதமாகியும் மறையாத திட்டு இருந்தால் அரசாங்கக் கிளினிக்குக்குப் போங்கள். குடிமக்களுக்கு ஒரு வெள்ளிதான் கட்டணம். “எத்தனை மாதமாக இருக்கிறது, என்ன களிம்பு போட்டேன்” என்று விவரமாகச் சொல்லுங்கள். கோலாலம்பூர் பெரிய ஆஸ்பத்திரியின் தோல் பிரிவுக்கு அனுப்பச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது நம் உரிமை.

தொழுநோயாகவே இருந்தாலும் இன்று மாத்திரையில் குணமாகும். யாரும் யாரையும் கொண்டுபோய் அடைப்பதில்லை. எந்த நோயானாலும், கைலிக்குள் மறைத்தால் அது வளரத்தான் செய்யும்.