கத்தரிக்காய் மேல் போட்ட பழி

உடுமலைப்பேட்டைப் பக்கம் ஒரு பிள்ளைக்கு முழங்கை மடிப்பில் கரப்பான் கிளம்பினால், பார்ப்பவர்கள் முதலில் கேட்பது, "கத்திரிக்கா குடுத்தியா கண்ணு?" என்பதுதான். அன்றே கத்தரிக்காய் நிற்கும். அடுத்து கருவாடு, பிறகு முட்டை, கடைசியில் பால். 1984-இல் சுகுணா கோழிப்பண்ணை தொடங்கிய ஊர் இது. இங்கேதான் சத்துணவு முட்டையை "எங்க பையனுக்கு வெக்காதீங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார்கள். பையன் இளைக்கிறான், அரிப்பு இளைப்பதில்லை.

வாயைக் கட்டினால் கரப்பான் போகும் என்பது வீண் நம்பிக்கை. கரப்பான் என்கிற எக்ஸிமாவில் பழுது பெரும்பாலும் தோலில்தான். ஃபிலாக்ரின் என்ற புரதத்துக்கான மரபணு கெட்டிருந்தால் இந்நோய் எளிதில் வருகிறது என்று ஸ்காட்லாந்தின் டண்டீ ஆய்வாளர்கள் 2006-இல் காட்டினார்கள். அந்தப் புரதம் குறைந்த தோலில் ஈரம் நிற்காது. வியர்வை, சோப்பு, தூசி எல்லாம் உறுத்தும். நூல்மில்லும் ஆடிக்காற்றும் உள்ள ஊரில் உறுத்தலுக்கா பஞ்சம்?

கடுமையான கரப்பான் உள்ள சின்னக் குழந்தைகள் சிலருக்கு உணவு ஒவ்வாமையும் சேர்ந்திருக்கும், மறுக்கவில்லை. முட்டை தின்ற சில நிமிடங்களில் உதடு வீங்கி உடம்பெல்லாம் தடித்தால் மருத்துவரிடம் போயாக வேண்டும். ஆனால் சும்மா விலக்குவதிலும் கேடு உண்டு. கடுமையான கரப்பானோ முட்டை ஒவ்வாமையோ இருந்த 640 கைக்குழந்தைகளை லண்டனில் கவனித்தார்கள். முடிவு 2015-இல் வந்தது. மருத்துவர் மேற்பார்வையில் வேர்க்கடலை தின்று வளர்ந்தவர்களைவிட, 5 வயதுவரை விலக்கி வைக்கப்பட்டவர்களுக்கே கடலை ஒவ்வாமை பல மடங்கு அதிகம்.

தட்டுக்கு இத்தனை காவல் போடும் வீட்டில் மெடிக்கல் கடை டியூபுக்கு மட்டும் காவலே கிடையாது. "அரிப்புக்கு ஒண்ணு குடுங்க" என்றால் கைக்கு வருவது பல நேரம் வீரியமான ஸ்டீராய்டு கலவை. அத்தகைய 14 மருந்துகளின் களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக் கூடாதென்று 2018-இலேயே மத்திய அரசு அறிவித்தது. எந்தக் கடையில் சீட்டு கேட்கிறார்கள்? இரண்டே நாளில் அரிப்பு அடங்கும், உண்மைதான். மாதக்கணக்கில் தடவினால் தோல் மெலியும். வந்தது கரப்பானாக இல்லாமல் படர்தாமரையாக இருந்தால் இன்னும் பரவும். மருத்துவர் பார்த்து, இத்தனை நாள் என்று சொல்லித் தந்த ஸ்டீராய்டு வேறு. அதற்குப் பயந்து பாதியில் நிறுத்துவதும் தப்பு. பெரியவர் ஆள்காட்டி விரலின் முதல் கணு நீளத்துக்குப் பிதுக்கினால் அரை கிராம்; விரல்களோடு சேர்த்துப் பெரியவரின் இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும்.

வீட்டு வைத்தியம் சலிப்பூட்டும் அளவுக்கு எளிது. வெதுவெதுப்பான தண்ணீரில் சுருக்கமாகக் குளியல். டெட்டால் வேண்டாம், கடலைமாவுத் தேய்ப்பும் வேண்டாம். துண்டால் ஒற்றி, ஈரம் காய்வதற்குள் வாசலினோ சுத்தமான தேங்காய் எண்ணெயோ தாராளமாகப் பூச வேண்டும், அரிப்பு இல்லாத நாளிலும். பிலிப்பைன்ஸில் குழந்தைகளிடம் நடத்தி 2014-இல் வெளியான ஆய்வில் மினரல் ஆயிலைவிடத் தேங்காய் எண்ணெய் நன்றாக வேலை செய்தது. தென்னந்தோப்புக்கு நடுவே இருந்துகொண்டு கத்தரிக்காயோடு சண்டை போடுகிறோம்!

மஞ்சள் பொருக்கு, சீழ், காய்ச்சல், வலிக்கும் சிறு கொப்புளங்களின் கூட்டம் – இவற்றில் ஒன்று தெரிந்தாலும் எண்ணெய், வாசலின் எதையும் நம்பி உட்கார வேண்டாம். கோவைக்குப் போக நாள் பார்க்காமல், அன்றைக்கே உடுமலை அரசு மருத்துவமனைக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.