இழுத்தும் மூடிக்கொள்ளும் தமனி

கேத் லேபில் நள்ளிரவில் நடக்கும் இந்தக் காட்சி நம்மில் பலருக்கும் பழக்கமானது. நடு மூளைத் தமனி அடைத்திருக்கிறது. ஸ்டென்ட் ரிட்ரீவரை விரித்து இழுக்கிறோம். சிறு துணுக்கு வருகிறது, ரத்தம் ஓடுகிறது. பத்து நிமிடம் கழித்துச் சாயம் செலுத்தினால் அதே இடம் மறுபடி மூடிக் கிடக்கிறது. இதயத்திலிருந்து வந்து சிக்கிய கட்டி பெரும்பாலும் இப்படிச் செய்வதில்லை. அடியில் இருப்பது கொழுப்புப் படிந்து குறுகிய சுவர். அதன் மேற்பரப்பு கிழிந்திருக்கிறது. தட்டணுக்கள் அங்கேயே சேர்ந்துகொண்டிருக்கின்றன. நாமோ இழுக்க இழுக்க அந்தச் சுவரையே மேலும் உரிக்கிறோம்.

திராம்பெக்டமியை நிலைநாட்டிய 2015-ஆம் ஆண்டு ஆய்வுகள் பெரும்பாலும் மேற்கு நாட்டு நோயாளிகளிடம் நடந்தவை. ஆசியர்களிடம் மூளைக்குள் தமனி குறுகுவது அங்கிருப்பதைவிட மிக அதிகம். கருவி அவர்களுக்காகப் பிறந்தது, தமனி நம்முடையது.

உடனே ஸ்டென்ட் வைத்துவிடலாமா? கை துறுதுறுக்கும், உண்மைதான். 2011-இல் சாம்ப்ரிஸ் ஆய்வு, ஸ்டென்ட் வைத்தவர்களில் 14.7 சதவீதத்தினருக்கு 30 நாளுக்குள் பக்கவாதமோ மரணமோ நேர்ந்ததாகக் காட்டியது. மருந்து மட்டும் பெற்றவர்களில் அது 5.8 சதவீதம். 'அது திறந்திருந்த தமனி, இது மூடிய தமனி' என்று நாம் சமாதானம் சொல்லிவந்தோம். 2024-இல் சீனாவின் ஏஞ்சல்-ரீபூட் ஆய்வு அந்தச் சமாதானத்தையும் சோதித்தது. திராம்பெக்டமி கைகொடுக்காத 348 பேரில் ஒரு பாதிக்குப் பலூன் அல்லது ஸ்டென்ட். மூன்று மாதத்தில் இயங்கும் திறனில் வேறுபாடு இல்லை. மூளை ரத்தக்கசிவும் தமனிச் சுவர்க் கிழிவும் மட்டும் கூடின. தட்டணுத் தடுப்பு மருந்தான டைரோபிபானை எல்லோருக்கும் முன்கூட்டியே கொடுத்துப் பார்த்த ரெஸ்க்யூ பிடி ஆய்விலும் (2022) மொத்தத்தில் பலன் இல்லை.

எனவே, குறுக்கம் மிச்சமிருந்தாலும் ஓட்டம் நிலைத்தால் கத்தீட்டரை வெளியே எடுத்துவிடுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. படத்தை அழகாக்குவது நம் வேலை அல்ல. கண்ணெதிரே திரும்பத் திரும்ப மூடினால் மட்டும் தட்டணுத் தடுப்பு மருந்து, பிறகு சிறிய பலூன், கடைசியில் ஸ்டென்ட்.

ஆனால் இந்தத் தீர்மானத்துக்கு அடிப்படை, கேத் லேபுக்குள் நுழையுமுன்பே குறுக்கத்தைச் சந்தேகப்பட்டிருப்பது. அதற்கான குறிகள் இவை: சர்க்கரை, ரத்த அழுத்தம் உண்டு, ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் இல்லை. அதே பக்கம் முன்பே ஓரிரு முறை மரத்து விலகியது. அறிகுறிகள் விட்டுவிட்டுக் கூடின. சி.டி. ஆஞ்சியோவில் அடைப்பு தமனியின் தண்டில் நிற்கிறதா, கிளை பிரியும் இடத்திலா என்று பாருங்கள். இதயத்துக் கட்டி கிளையில் சிக்கும்; குறுக்கம் பெரும்பாலும் தண்டில் அடைக்கும், அதற்கப்பால் கிளைகள் தெரியும். குறுக்கம் என்று சந்தேகம் வந்தாலும் நாலரை மணி நேரத்துக்குள் கரைப்பு மருந்தை நிறுத்திவைக்க அது காரணமாகாது.

வெளியே வந்தபின் ரத்த அழுத்தத்தை அடித்து இறக்கும் பழக்கம் பற்றியும் ஒரு வார்த்தை. தமனி திறந்த பிறகு மேல் அழுத்தத்தை 120-க்குக் கீழே கொண்டுவந்தது, 2022-இல் வெளியான என்சான்டட்-2 ஆய்வில் தீங்கே செய்தது. குறுக்கம் மிச்சமுள்ளவருக்கு இன்னும் எச்சரிக்கை தேவை.

வாசகர்களிடம் ஒரு வேண்டுகோள்: அடுத்த திராம்பெக்டமிக் குறிப்பில் 'தண்டிலா, கிளையிலா' என்பதையும், பத்து நிமிடத்துக்குப் பிந்தைய ஆஞ்சியோவில் கண்டதையும் தவறாமல் எழுதிவையுங்கள்.