மின்சாரம் தானாகச் சுருதி சேராது

எலக்ட்ரானிக் கருவிக்குச் சுருதி சேர்க்க வேண்டாம், ஸ்விட்சைப் போட்டால் போதும் என்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. இதற்குக் காரணமும் உண்டு. எலக்ட்ரானிக் தம்பூராவும் சுருதிப் பெட்டியும் வந்த பிறகு, நாதஸ்வரத்துக்குப் பக்கத்தில் நின்று ஒத்து ஊதுகிறவரின் இடத்தைப் பல ஊர்களில் அந்தப் பெட்டியே பிடித்துக்கொண்டது. குமிழைத் திருகினால் சுருதி வருகிறது. அப்படியே நிற்கிறது. அதனால் மின்சாரத்தில் ஓடுவதெல்லாம் சுருதி சுத்தமாகத்தான் இருக்கும் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள்.

இந்த முடிவு தவறு என்பதற்கு மாடுலர் சிந்தசைசரை விட நல்ல சாட்சி கிடையாது.

மாடுலர் சிந்தசைசர் என்பது ஒரே கருவி அல்ல. ஒலியை உண்டாக்க ஒரு பெட்டி, அதை வடிகட்ட இன்னொரு பெட்டி, ஏற்றி இறக்க வேறொரு பெட்டி என்று தனித்தனி மாட்யூல்களை ஒயரால் இணைத்து வாசிப்பது. அமெரிக்காவில் ராபர்ட் மூக் 1964-இல் இதைச் செய்து காட்டினார். இதில் ஒலியை உண்டாக்கும் பெட்டிக்கு ஆசிலேட்டர் என்று பெயர். அதற்குக் கொடுக்கும் மின்னழுத்தம் ஒரு வோல்ட் கூடினால் ஒலி ஒரு ஸ்தாயி மேலே போக வேண்டும். இதுதான் விதி.

கூட்டு வட்டிக் கணக்கு

காமர்ஸ் படிப்பவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஒரு ஸ்தாயி ஏறினால் அதிர்வெண் இரண்டு மடங்காகிறது. 110 ஹெர்ட்ஸில் ஆரம்பித்தால் 220, 440, 880, 1760. அதாவது ஒவ்வொரு வோல்ட்டுக்கும் அசல் இரட்டிக்கிற கூட்டு வட்டி.

இந்தக் கணக்கில் இரண்டு விதமான தப்பு வரலாம். முதலாவது, ஆரம்ப இருப்பே தப்பு. 110-க்குப் பதில் 111 என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒன்றும் குடி முழுகிவிடாது. எல்லா ஸ்வரமும் சேர்ந்தே நகரும். பாடுகிறவர் தன் குரலுக்கு ஏற்ற கட்டையைத் தேர்ந்தெடுப்பது போலத்தான் இதுவும். ஒரு குமிழைத் திருகினால் சரியாகிவிடும்.

இரண்டாவது, வட்டி விகிதமே தப்பு. இதுதான் ஆபத்து. விகிதம் ஒரு சதவீதம் குறைந்தால் முதல் ஸ்தாயியில் 12 சென்ட் இறங்கும் (ஒரு அரை ஸ்வரம் என்பது 100 சென்ட்). கேட்பவர்களில் பலருக்குத் தெரியவே தெரியாது. நான்காவது ஸ்தாயிக்குப் போகும்போது 48 சென்ட்! 1760 வர வேண்டிய இடத்தில் சுமார் 1712 வரும். ஏறக்குறைய கால் ஸ்வரம் போய்விட்டது. கீழே இனிமையாக இருப்பது மேலே போகப் போக அபஸ்வரம் ஆகிறது. இந்த விகிதத்தைத் திருத்துவதற்குத்தான் காலிபரேஷன் என்று பெயர்.

உத்திரமேரூர் வெயில்

ஒரு தடவை திருத்தினால் போதாதா? போதாது. பழைய அனலாக் ஆசிலேட்டரின் உள்ளே இந்த இரட்டிப்பு வேலையைச் செய்வது டிரான்சிஸ்டர். அதன் கணக்கு வெப்பத்தைப் பொறுத்து மாறும். ஈடு செய்யாத சர்க்யூட்டில் ஒரு டிகிரிக்குச் சுமார் 0.33 சதவீதம், அதாவது ஒரு ஸ்தாயிக்கு 4 சென்ட் வித்தியாசம் வரும். உத்திரமேரூரில் சித்திரை மாதத்தில் காலை 28 டிகிரி, மதியம் 40 டிகிரி என்று வைத்துக்கொண்டால் ஒரே ஸ்தாயியில் 48 சென்ட். காலையில் சேர்த்த சுருதி மதியச் சாப்பாட்டுக்குள் ஓடிப்போய்விடும்.

நல்ல மாட்யூல்களில் இதைச் சமன் செய்ய வெப்பத்துக்கு ஏற்ப மாறும் ரெசிஸ்டர் வைக்கிறார்கள். அதுவும் மிச்சம் மீதி இல்லாமல் சரிசெய்வதில்லை. ஆகவே ஏசி அறையில் திருத்தியதைப் பந்தலுக்கு எடுத்துப்போனால் அங்கே இன்னொரு முறை பார்த்தே ஆக வேண்டும். தவில்காரர் கச்சேரிக்கு முன் வாரை இழுத்துப் பார்ப்பதை யாரும் குறை சொல்வதில்லையே!

செய்முறை கஷ்டமானதல்ல, பொறுமைதான் வேண்டும். கருவியை ஆன் செய்து அரை மணி நேரம் சூடேற விட வேண்டும். கீழ் ஸ்தாயியில் ஒரு ஸ்வரம், இரண்டு வோல்ட் ஏற்றி அதே ஸ்வரம், இரண்டையும் ஒப்பிட வேண்டும். மேலே குறைந்தால் விகிதத்துக்கான சின்னத் திருகை ஒரு இழை திருப்ப வேண்டும். திருப்பியதும் கீழ் ஸ்வரமும் நகர்ந்திருக்கும். அதைக் குமிழால் பழைய இடத்துக்குக் கொண்டுவந்து மறுபடி மேலே பார்க்க வேண்டும். ஐந்தாறு சுற்றில் இரண்டும் ஒத்துவரும். உச்ச ஸ்தாயிக்கென்று தனித் திருகு இருந்தால் அதைக் கடைசியில்தான் தொட வேண்டும்.

இங்கே ஒரு எச்சரிக்கை. கடையில் கிடைக்கும் சாதாரண மல்டிமீட்டர் 20 வோல்ட் அளவில் 10 மில்லிவோல்ட் வரைதான் காட்டும். அது 12 சென்ட்டுக்குச் சமம். மீட்டர் சரி என்று சொல்வதைக் காது தப்பு என்று சொல்லும். 440, 442 என்று இரண்டு ஒலிகளைச் சேர்த்துக் கேட்டால் விநாடிக்கு இரண்டு முறை அலை அடிக்கும். அந்த அலை நிற்கும் வரை திருத்துவதுதான் தம்பூரா சேர்ப்பவர்களின் பழைய வித்தை. அதற்குக் காசு இல்லை.

டிஜிட்டல் வந்த பிறகு இந்தத் தொல்லை எதற்கு என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். டிஜிட்டல் ஆசிலேட்டர் வெயிலில் இப்படி ஓடாது. ஆனால் அதற்குள் நுழைகிற மின்னழுத்தத்தை அளக்கும் வாசலில் பிழை இருக்கலாம். அதனால் பல டிஜிட்டல் மாட்யூல்களிலும் 1 வோல்ட், 3 வோல்ட் கொடுத்துப் பதிய வைக்கும் முறை இருக்கிறது. தொல்லை குறைந்ததே தவிர மறையவில்லை.

குற்றவாளி யார்?

சிந்தசைசர் கமகத்தைக் கொன்றுவிடும் என்பது இன்னொரு புகார். இதில் குற்றவாளி மாறிப்போய்விட்டது. ஆசிலேட்டருக்குப் பன்னிரண்டு ஸ்வரம் என்று ஒன்று தெரியவே தெரியாது. மின்னழுத்தம் வழுக்கினால் அதுவும் வழுக்கும். படி வைத்துக் கொடுப்பது கீபோர்டுதான். கீபோர்டு அந்தர காந்தாரத்துக்கு 0.333 வோல்ட் கொடுக்கும். தம்பூராவோடு இழைகிற காந்தாரத்துக்கு வேண்டியது 0.322 வோல்ட். அந்த 0.322-ஐக் கொடுத்தால் ஆசிலேட்டர் மறுப்புச் சொல்லாமல் பாடும், விகிதம் சரியாகத் திருத்தப்பட்டிருந்தால்! மும்பைக் கலைஞர் சரண்ஜித் சிங் 1982-இல் பத்து ராகங்களைச் சிந்தசைசரில் பதிவு செய்தபோது ரோலண்ட் டிபி-303-இன் வழுக்கும் ஓசையைத்தான் நம்பினார்.

அதற்கு முன்பே இந்தியாவில் மூக் கருவி இருந்தது. ஆமதாபாத் தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் 1969-இல் அமெரிக்க இசைக் கலைஞர் டேவிட் டியூடர் அதை நிறுவ உதவினார். கீதா சாராபாய், ஐ.எஸ். மாத்தூர், அதுல் தேசாய், எஸ்.சி. சர்மா, ஜின்ராஜ் ஜோஷிபுரா ஆகியோர் அதில் இசை செய்தார்கள். வெளியாகியிருக்கும் அவர்களுடைய பதிவுகள் 1972-உடன் நின்றுவிடுகின்றன. நாடாக்கள் ஆவணக் காப்பகத்தில் உறங்கின. பால் பர்காஸ் என்ற கலைஞர் கண்டெடுத்த பிறகு, 2023-இல்தான் ஒரு தொகுப்பாக உலகத்துக்குக் கேட்டது. சுமார் ஐம்பது ஆண்டுகள்! கருவி கடல் கடந்து வந்துவிட்டது. அதைத் தொடர்ந்து வாசிக்க, திருத்த, அடுத்தவருக்குச் சொல்லித்தர ஒரு தலைமுறை உருவாகவில்லை.

கருவி வாங்கும் செலவை மூலதனம் என்று பெருமையாக எழுதுகிறோம். பராமரிப்பை வீண் செலவு என்று வெட்டுகிறோம். கல்லூரி ஆய்வகத் தராசிலிருந்து இசைக்குழுவின் கீபோர்டு வரை இதே கதை. உத்திரமேரூர் வைகுண்டப் பெருமாள் கோயில் கல்வெட்டைக் குடவோலைக்காக மட்டும் எல்லோரும் பாராட்டுகிறார்கள். பராந்தக சோழன் காலத்து அந்தக் கல்வெட்டில் இன்னொரு விதியும் இருக்கிறது: வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர்களுக்கு மறுபடி இடமில்லை, அவர்களின் உறவினர்களுக்கும் இல்லை. காலிபரேஷன் என்பதும் கருவியிடம் கணக்குக் கேட்பதுதான். இசைப் பள்ளிகளும் தொழிற்பயிற்சி நிலையங்களும் இதை ஒரு பாடமாக வைத்தால் வெளிநாட்டிலிருந்து வந்த மாட்யூலைப் பழுது என்று மூலையில் போட வேண்டியிருக்காது. ஒரு சின்ன ஸ்க்ரூடிரைவர், ஒரு தம்பூரா, பழகிய காது... ஆரம்பிக்க இவ்வளவு போதும்.