மீளக் கட்டுவது வேறு, கைகழுவுவது வேறு

விளையாட்டு உலகில் ஒரு மந்திரச் சொல் உலவுகின்றது: மீள்கட்டமைப்பு. நட்சத்திர வீரரை அனுப்பினாலும் மீள்கட்டமைப்பு. இளைஞரைக் கைவிட்டாலும் மீள்கட்டமைப்பு! இச்சொல்லைக் கேட்டதும் ரசிகர்களில் ஒரு சாரார் ‘துரோகம்’ என்று கூக்குரலிடுகின்றனர். மறுசாரார் ‘நிர்வாகத்துக்குத் தெரியாததா?’ என்று வாய்மூடி நிற்கின்றனர். இரு சாராரும் கணக்கைப் பார்ப்பதில்லை என்பதே எனது குற்றச்சாட்டு.

2025 ஐ.பி.எல். தொடரில் சென்னை சுப்பர் கிங்ஸ் 14 ஆட்டங்களில் நான்கில் மட்டுமே வென்று, தன் வரலாற்றில் முதன்முறையாகக் கடைசி இடத்தைப் பிடித்தது. அவ்வாண்டு நவம்பரில் அந்த அணி இரண்டு முடிவுகளை எடுத்தது. ஒன்று, ரவீந்திர ஜடேஜாவையும் சாம் கரனையும் ராஜஸ்தான் ரோயல்ஸுக்குக் கொடுத்துச் சஞ்சு சாம்சனைப் பெற்றமை. மற்றொன்று, மதீஷ பத்திரணவை விடுவித்தமை.

தமிழகம் முதலாவதற்காகக் கண்ணீர் வடித்தது. நான் வாழும் அம்பிட்டியவிலோ இரண்டாவதுதான் தேநீர்க்கடை வரை பேசப்பட்டது. வியப்பில்லை; பத்திரண கண்டியிற் பிறந்தவர், இங்குள்ள திரித்துவக் கல்லூரியில் விளையாடி வளர்ந்தவர். ஊர்ப்பாசம் ஒருபுறம் இருக்கட்டும். இவ்விரு முடிவுகளையும் ஒரே சொல்லால் அழைக்கலாமா என்பதே கேள்வி.

மீள்கட்டமைப்பு என்றால் என்ன? அதனை அறியக் கூடைப்பந்தாட்டத்தைப் பார்க்க வேண்டும். 2013இல் பொஸ்டன் செல்டிக்ஸ் அணி தனது இரு பெரும் நட்சத்திரங்களான போல் பியர்ஸையும் கெவின் கார்னெட்டையும் புரூக்ளின் நெட்ஸுக்குக் கொடுத்தது. பியர்ஸுக்கு வயது 35, கார்னெட்டுக்கு 37. 2008இல் கிண்ணம் வென்று தந்தவர்களை விற்பதா என்று பொஸ்டன் ரசிகர்கள் நொந்தனர். அடுத்த பருவத்தில் 82 ஆட்டங்களில் 25ஐ மட்டுமே அணி வென்றது. ஆனால், அந்த மாற்றத்தின் மூலம் புரூக்ளினின் வருங்கால முதற்சுற்றுத் தெரிவுரிமைகள் பொஸ்டன் கைக்கு வந்திருந்தன. அவற்றின் வழியே 2016இல் ஜெய்லன் பிரவுனும் 2017இல் ஜேசன் டேட்டமும் வந்தனர். 2024இல் பொஸ்டன் தனது 18ஆவது பட்டத்தை வென்றபோது அணியின் இரு தூண்களும் அவர்களே. நேற்றைய புகழைக் கொடுத்து நாளைய ஆற்றலை வாங்கினார்கள். இதுதான் மீள்கட்டமைப்பு.

இந்த அளவுகோலால் ஜடேஜா விவகாரத்தை அளந்து பாருங்கள். 2012 முதல் சென்னைக்கு உழைத்தவர். 2023 இறுதியாட்டத்தில் கடைசி இரு பந்துகளில் ஆறும் நான்கும் அடித்துக் கிண்ணத்தைக் கையிற் கொடுத்தவர். அந்த நன்றி என்றும் அழியாது. ஆயினும், நன்றி வேறு, அடுத்த ஐந்தாண்டுத் திட்டம் வேறு. 37 வயதை எட்டிக்கொண்டிருந்தவரைக் கொடுத்து, அப்போதுதான் 31ஐ எட்டிய ஒரு விக்கெட் காப்பாளரை அணி பெற்றது. தோனிக்குப் பின்னர் யார் என்று ஆண்டுக்கணக்காய்த் தொங்கிய கேள்விக்கு ஒரு விடையும் கிடைத்தது. இதைத் துரோகம் என்பது சிறுபிள்ளைத்தனம்.

பத்திரணவின் கதை அப்படியா? 2022இல் காயமுற்ற அடம் மில்னுக்குப் பதிலாக 20 இலட்சம் ரூபாய்க்கு வந்த இளைஞர் அவர். 2023இல் 12 ஆட்டங்களில் 19 விக்கெட்டுகள். 2024இல் ஆறே ஆட்டங்களில் 13. பின்னர் 13 கோடிக்குத் தக்கவைக்கப்பட்டார். 2025இல் 12 ஆட்டங்களில் 13 விக்கெட்டுகள் மட்டுமே. ஓவருக்குப் பத்து ஓட்டங்களுக்கு மேல் கொடுத்தார். சறுக்கல்தான், மறுக்கவில்லை. ஆனால் விடுவிக்கப்பட்டபோது அவருக்கு வயது 22! கட்டடத்தைப் புதுப்பிக்கிறோம் என்பவர்கள் பழைய கூரையை மாற்றுவார்களா, புதிதாக வைத்த தூணைப் பிடுங்குவார்களா?

‘ஏலத்துக்குப் பணம் வேண்டாமா?’ என்பர். சரி, அந்தக் கணக்கையும் பார்ப்போம். சென்னை 43.40 கோடியோடு ஏலத்துக்குச் சென்றது. பிரசாந்த் வீர், கார்த்திக் சர்மா ஆகிய இரு இளைஞர்களைத் தலா 14.20 கோடிக்கு, ஆக 28.40 கோடிக்கு வாங்கியது. இளைஞரில் முதலிடுவதைப் பாராட்டுகிறேன். ஆனால் பத்திரணவை வைத்துக்கொண்டிருந்தாலும் கையில் 30.40 கோடி இருந்திருக்கும், இருவரையும் வாங்கியிருக்கலாம். மற்ற இடங்களை நிரப்பக் கை சுருங்கியிருக்கும் என்பது உண்மையே. அந்தச் சுருக்கத்தைத் தாங்குவதா, 22 வயது வேகப்பந்து வீச்சாளரை இழப்பதா என்ற தெரிவில் நிர்வாகம் தவறான பக்கம் நின்றது.

சந்தையின் தீர்ப்பு டிசம்பர் 16 அன்று அபுதாபியில் வந்தது. கொல்கத்தா நைட் ரைடர்ஸ் அவரை 18 கோடிக்கு வாங்கியது. 13 கோடி ஒப்பந்தத்தில் இருந்த ஒருவருக்குச் சந்தை 18 கோடி விலை சொல்கிறதென்றால், அவர் ஒரு சொத்து. ஜடேஜாவைப் போல அவரையும் பண்டமாற்றாகக் கொடுத்து இன்னொரு வீரரைப் பெற முயன்றிருக்கலாம். வெறுமனே விடுவித்ததால் திரும்பியது 13 கோடி மட்டுமே. மிகுதிப் பெறுமதி காற்றிற் கரைந்தது. இது மீள்கட்டமைப்பன்று, கைகழுவல்.

இவ்விடயத்துக்கு இனச்சாயம் பூச முனைவோருக்கும் ஒரு சொல். 2013இல் தமிழக முதல்வர் ஜெயலலிதாவின் கடிதத்தை அடுத்து, சென்னையில் இலங்கை வீரர்கள் ஆடக்கூடாதென ஐ.பி.எல். நிர்வாகம் முடிவு செய்தது. கண்டித் தமிழரான முரளிதரனும் அதில் விலக்கப்படவில்லை. பத்தாண்டு கழித்து அதே சேப்பாக்கம் கண்டியின் சிங்கள இளைஞர் ஒருவருக்காக ஆர்ப்பரித்தது. அவரைப் பிரித்தது இனமன்று, பிழையான கணக்கு. கணக்குப் பிழையைக் கணக்குப் பிழையென்றே கண்டிப்போம். பழைய காயங்களுக்கு உப்பு வேண்டாம்.

இனி எந்த அணியாவது ‘மீள்கட்டமைப்பு’ என்று அறிவித்தால் ரசிகர்கள் மூன்று கேள்விகளைக் கேட்கட்டும். கொடுத்தவரின் வயதென்ன? பெற்றது யாது? பலன் எந்த ஆண்டில் வரும்? விடை சொல்ல முடிந்த நிர்வாகத்துக்குப் பொறுமையைக் கொடுங்கள். சொல்ல முடியாத நிர்வாகத்துக்கு நம் விசில் எதற்கு?