குளிர்ச்சி என்னும் கண்கட்டு

சென்னையில் ஒரு சின்ன கேலரி. பழைய வீட்டின் கீழ்த்தளத்துக்கு வெள்ளையடித்து உருவாக்கியது. மொத்தம் இரண்டே அறைகள். முதல் அறையில் இயற்கை ஓவியங்கள். மழை விட்ட பனங்காடு, மூடுபனிக்குள் ஒரு சோலை, சுவரின் பாதியை அடைத்துக்கொண்டு ஒரு தாமரைக்குளம். இரண்டாம் அறையில் கிராஃபிட்டி. ஸ்ப்ரே டப்பாவால் தீட்டிய கேன்வாஸ்கள். நடுவே ஒரு பழைய ஷட்டர் கதவு, அதில் முறுக்கிப் பின்னிய எழுத்துகள், எழுத்துகளின் இடுக்கிலிருந்து அலகை நீட்டும் ஒரு கூழைக்கடா. வாசலில் பார்வையாளர் நோட்டு கிடந்தது. நான் போன அன்று அதில் கடைசியாக எழுதியிருந்தவர் மணிமணியான கையெழுத்துக்காரர்: "முதல் அறை கண்ணுக்குக் குளிர்ச்சி. இரண்டாவது அறையைத் தவிர்த்திருக்கலாம்."

பெயர் போடவில்லை. போட வேண்டியதும் இல்லை. நம்மில் பலருடைய தீர்ப்பு அது. ஓவியம் என்றால் கண்ணுக்குக் குளிர்ச்சியாக இருக்க வேண்டும். பூ, குளம், மலை, மான் என்றால் கலை. சுவரில் எழுதுவது கிறுக்கல், எழுதுகிறவன் வேலை வெட்டி இல்லாதவன், அவனை உள்ளே விட்ட கேலரிக்காரருக்குப் புத்தி பிசகிவிட்டது. இந்த நம்பிக்கை கிராஃபிட்டிக்கு அநியாயம் செய்கிறது என்று வாதாடப் பலர் இருக்கிறார்கள். என் வழக்கு வேறு. குளிர்ச்சி என்ற இந்த அளவுகோல் இரண்டாம் அறையைவிட முதல் அறைக்குத்தான் பெரிய துரோகம் செய்கிறது. கிராஃபிட்டியை அது வாசலுக்கு வெளியே தள்ளுகிறது, அவ்வளவுதான். இயற்கை ஓவியத்தையோ உள்ளே உட்காரவைத்துத் திரைச்சீலை ஆக்கிவிடுகிறது.

குளிர்ச்சிக்கு எல்லோரும் சாட்சிக்கு அழைப்பது கிளாட் மோனேயை. அவருடைய அல்லிக்குளம் காலண்டரில் இருக்கிறது, குடையில் இருக்கிறது, பல் டாக்டரின் காத்திருப்பு அறையில் இருக்கிறது. ஆனால் அந்தப் பிரம்மாண்டமான படங்களை அவர் தீட்டிக்கொண்டிருந்தபோது முதல் உலகப் போர் நடந்துகொண்டிருந்தது. 1918 நவம்பர் 11-இல் பீரங்கிகள் ஓய்ந்தன. மறுநாளே, தன் நண்பரும் பிரான்ஸின் பிரதமருமான கிளமென்சோவுக்குக் கடிதம் எழுதி, படங்களை நாட்டுக்குத் தர முன்வந்தார் மோனே. அந்தக் கொடை வளர்ந்து, அவர் இறந்த மறுவருடம், 1927-இல், பாரிஸின் ஒராஞ்செரி அருங்காட்சியகத்தில் இரண்டு நீள்வட்டக் கூடங்களாகத் திறக்கப்பட்டது. அங்கே பார்ப்பவரைச் சூழ்ந்து வளையும் அந்த நீர்ப்பரப்புக்கு அடிவானம் இல்லை. கண் ஊன்றி நிற்க ஓரிடம் இல்லை. ஒரு தலைமுறையையே அகழிகளில் புதைத்துவிட்டு வந்த நாட்டுக்கு ஒரு கிழவர் கொடுத்த பதில் அது. அதைக் குடையில் அச்சடித்தவர்கள் நாம்.

இன்னும் பின்னால் போகலாம். சீனத்தில் சொங் அரசை மங்கோலியர் வீழ்த்திய பின் செங் சிசியாவ் என்ற ஓவியர் வரைந்த ஆர்க்கிட் செடிகளுக்கு வேர் ஊன்ற மண் இராது. 1306-இல் மையால் தீட்டிய அப்படி ஒரு படம் இன்றும் ஜப்பானின் ஒசாகாவில் இருக்கிறது. ஏன் மண் இல்லை என்று கேட்டவர்களிடம், அதைத்தான் பறித்துக்கொண்டார்களே என்று அவர் சொன்னதாகக் கதை. சில இலைகள், ஒரு பூ. நோட்டில் எழுதியவர் பார்த்தால் இதற்கும் 'குளிர்ச்சி' என்றுதான் எழுதியிருப்பார். ஆக்கிரமிப்பாளனின் முகத்துக்கு எதிரே நின்று சொன்ன வசை அது என்று அவருக்குத் தெரியப்போவதில்லை.

நம் ஊருக்கு வந்தால் புதுக்கோட்டை பக்கத்தில் சித்தன்னவாசல். சமணக் குடைவரையின் விதானத்தில் ஒன்பதாம் நூற்றாண்டின் தாமரைத் தடாகம்: மீன், அன்னம், யானை, எருமை, பூப்பறிக்கும் மனிதர்கள். சுற்றுலாப் பயணி அண்ணாந்து பார்த்து "ஆகா, குளம்" என்று சொல்லிவிட்டு இறங்கிவிடுகிறார். தீர்த்தங்கரரின் அறவுரையைக் கேட்கப் போகிற உயிர்கள் வழியில் கடக்கும் தடாகம் அது என்பது சமண மரபு. யானையும் எருமையும் மனிதனும் ஒரே வரிசையில் கேட்கத் தகுதியுள்ளவர்கள் என்ற சமயக் கொள்கையே அங்கே நீராக நிரம்பியிருக்கிறது. அதே குன்றின் மறுபக்கம் ஏழடிப்பட்டம். வழவழப்பாகச் செதுக்கிய கற்படுக்கைகள். ஒன்றில் தமிழி எழுத்து, மற்றவற்றின் ஓரம் தவமிருந்த துறவிகளின் பெயர்கள். ஒரு பக்கம் குளம், மறுபக்கம் பெயர். கேலரியின் இரண்டு அறைகளும் ஒரே பாறையில்! இங்கிருந்தவன் இன்னான் என்று பாறையில் வெட்டிவைக்கும் ஆசையை அங்கே நாம் கல்வெட்டு என்கிறோம், கைகூப்புகிறோம். கீழடியிலும் கொடுமணலிலும் பானை ஓட்டில் யாரோ கீறிவைத்த குறிகளையும் ஒன்றுவிடாமல் எண்ணிப் பட்டியல் போடுகிறோம். தொல்லியல் அறிஞர்கள் அந்தக் கீறல்களுக்கு ஆங்கிலத்தில் வைத்திருக்கும் பெயரும் 'கிராஃபிட்டி'தான்.

சரி, இரண்டாம் அறை. 1970-களில் நியூயார்க்கின் சுரங்க ரயில் பெட்டிகளில் எழுதத் தொடங்கியவர்கள் பெரும்பாலும் பதின்வயதுப் பிள்ளைகள். அவர்களில் பலர் கறுப்பின, போர்ட்டோ ரிக்கோ குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். அவர்கள் எழுதியது தங்கள் பெயரை, அதாவது தாங்களே தங்களுக்குச் சூட்டிக்கொண்ட பெயரை. ஒரே இழுப்பில் போடும் கையெழுத்துக்கு 'டேக்' என்று பெயர். ஒன்றிரண்டு வண்ணத்தில் அவசரமாக ஊதிவிட்டு ஓடுவது 'த்ரோ-அப்'. இராமுழுக்க நின்று தீட்டுவது 'பீஸ்'. பீஸ் போடுகிறவன் அதை முதலில் தன் நோட்டில் பலமுறை போட்டுப் பார்த்திருப்பான். டப்பாவைச் சுவரிலிருந்து எவ்வளவு தள்ளிப் பிடித்தால் கோடு எவ்வளவு தடிக்கும், எந்த மூடியை மாட்டினால் எந்த அகலம் வரும், கை எந்த வேகத்தில் போனால் பெயிண்ட் வழியாது என்பதெல்லாம் அவனுக்கு விரல்நுனிப் பாடம். இதைக் கிறுக்கல் என்பவர் ஒரு டப்பாவை வாங்கித் தன் மொட்டை மாடிச் சுவரில் ஒரு நேர்கோடு போட்டுப் பார்க்கட்டும்.

இந்தப் பிள்ளைகளுக்கு முதலில் கதவைத் திறந்தவற்றில் சின்ன கேலரிகள்தான் முன்னால் நின்றன. 1978-இல் தெற்கு பிராங்ஸில் ஸ்டெஃபான் ஐன்ஸ் தொடங்கிய ஃபேஷன் மோடா ஒன்று. 1981-இல் ஈஸ்ட் வில்லேஜில் பாட்டி ஆஸ்டரும் பில் ஸ்டெல்லிங்கும் தொடங்கிய ஃபன் கேலரி மற்றொன்று. லீ கினோனஸ், டாண்டி, ஃபியூச்சுரா 2000, பாஸ்கியா, கீத் ஹாரிங் எல்லோரும் அந்தச் சிறிய இடத்தில் காட்சி வைத்தார்கள். 1985-இல் ஃபன் கேலரியை மூடிவிட்டார்கள். நான்கு வருட ஆயுள்; ஆனால் இருபதாம் நூற்றாண்டின் ஓவிய வரலாற்றை எழுதுகிறவர் அதைத் தாண்டிப் போக முடியாது.

ஹாரிங்கின் கதையில் ஒரு நுட்பம் உண்டு. சுரங்க ரயில் நிலையங்களில் விளம்பரம் காலாவதியான பலகைகளைக் கறுப்புத் தாள் ஒட்டி மூடிவைப்பார்கள். ஹாரிங் அந்தக் காலித் தாளில் வெள்ளைச் சாக்பீஸால் வரைந்தார்; பலமுறை போலீஸிடம் மாட்டினார். அதே பலகையில் ஒரு விளம்பரம் இருந்தால் அது வணிகம். ஒன்றுமே இல்லாத கறுப்பில் ஒரு குழந்தை தவழும் கோட்டோவியம் இருந்தால் அது குற்றம். சுவரின் அழகு கெட்டது என்பதா இங்கே பிரச்சினை? காசு கொடுக்காமல் ஒருவன் பேசிவிட்டான் என்பதுதான்.

இதைத் தமிழனுக்கு விளக்க நியூயார்க் எதற்கு? பொது இடங்களின் தோற்றத்தைக் கெடுப்பதற்கு எதிராக இங்கே 1959 முதல் சட்டம் இருக்கிறது. தேர்தலுக்கு ஒரு வருடம் முன்பே சுவர்களில் கட்சிப் பெயரை எழுதி, வருடத்தைப் போட்டு, 'ரிசர்வ்' செய்துவைக்கிறார்கள். ஜவுளிக்கடையும் சிமெண்டும் பள்ளிக்கூடமும் ஊர்ச் சுவர்களைப் பங்கு போட்டுக்கொள்கின்றன. யாரும் முகம் சுளிப்பதில்லை, பழகிவிட்டது. 1953 ஜூலை 15 அன்று டால்மியாபுரம் ரயில் நிலையப் பெயர்ப்பலகையின் மேல் 'கல்லக்குடி' என்ற தாளை ஒட்டினார் மு. கருணாநிதி, தண்டவாளத்தில் படுத்தார், சிறைக்குப் போனார். சட்டத்தின் கண்ணில் அது அரசாங்கப் பலகையைக் கெடுத்த குற்றம். இன்று அந்த ஊருக்குப் பெயர் கல்லக்குடி. பலகையில் யார் பெயர் இருப்பது என்று சண்டை போட்டு அரசியல் கற்ற மண் இது. இங்கே நின்றுகொண்டு, சுவரில் பெயர் எழுதுகிறவனைப் பார்த்து இவனுக்கு வேலை இல்லையா என்று கேட்பது மறதியன்றி வேறென்ன?

எதிர்த்தரப்பு வாதங்களையும் கேட்போம். "உன் வீட்டுச் சுவரில் எழுதினால் சும்மா இருப்பாயா?" இருக்க மாட்டேன். கத்துவேன். சித்தன்னவாசலில் சாவியால் காதலி பெயரைக் கீறுகிறவனைப் பிடித்துக்கொடுக்கவும் தயங்க மாட்டேன். ஆனால் அத்துமீறலா என்பது ஒரு கேள்வி. கலையா என்பது வேறு கேள்வி. முதல் கேள்விக்கான பதிலை இரண்டாவதற்கும் ஒட்டக்கூடாது. நியூயார்க்கில் ஃபைவ் பாயின்ட்ஸ் என்ற பழைய தொழிற்சாலைக் கட்டடம் இருந்தது. உரிமையாளரின் சம்மதத்தோடு பல ஆண்டுகள் கிராஃபிட்டி கலைஞர்கள் அதைத் தீட்டிவந்தார்கள். 2013 நவம்பரில் அவரே இரவோடிரவாக வெள்ளையடித்து அழித்தார். கலைஞர்கள் வழக்குப் போட்டார்கள். 45 படைப்புகளை அழித்ததற்காக 67 லட்சத்து 50 ஆயிரம் டாலர் கொடுக்க வேண்டும் என்று 2018-இல் தீர்ப்பு வந்தது. சுவர் உன்னுடையது, அதன் மேல் இருப்பது முழுக்க உன்னுடையதல்ல என்று ஒரு நீதிமன்றமே பிரித்துப் பார்த்துவிட்டது. நாம் பார்க்கக் கூடாதா?

இன்னொரு வாதம், நேரெதிர்த் திசையிலிருந்து வருவது. "கேலரிக்குள் நுழைந்த கிராஃபிட்டி செத்த கிராஃபிட்டி. ஆபத்தும் இல்லை, தெருவும் இல்லை, விலைச்சீட்டுதான் இருக்கிறது." இதில் பாதி உண்மை. 2016-இல் இத்தாலியின் பொலோன்யாவில், தெரு ஓவியங்களைச் சுவரோடு பெயர்த்துக் கண்காட்சி வைக்கிறார்கள் என்று கோபப்பட்டு, ப்ளூ என்ற கலைஞர் அந்த ஊரில் தான் வரைந்தவற்றையெல்லாம் தானே சாம்பல் நிறம் பூசி அழித்தார். அந்தக் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் முதல் அறையைத் திரும்பிப் பாருங்கள். அந்தச் சோலை ஓவியத்தில் அட்டை கடிப்பதில்லை. பனங்காட்டில் கருக்கு கிழிப்பதில்லை. அதற்காக யாரும் "இது செத்த காடு" என்று சண்டைக்கு வருவதில்லையே! காடு கேலரிக்குள் காடாக வருவதில்லை, ஓவியமாக வருகிறது. தெருவும் அப்படித்தான் வருகிறது. ஒன்றுக்கு அனுமதி, மற்றதற்கு அபராதம் என்றால் அளவுகோலில்தான் கோளாறு.

கோளாறு எவ்வளவு ஆழமானது என்பதற்கு இந்த ஊரே சாட்சி. சென்னையின் தெற்கே ஏரிகளையும் சதுப்பையும் தூர்த்து அடுக்ககங்கள் எழும்பின. 2015 டிசம்பரில் தண்ணீர் தன் பழைய முகவரியைத் தேடி வந்தது. மிஞ்சியிருக்கும் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-இல்தான் ஈரநிலங்களுக்கான சர்வதேச ராம்சார் அங்கீகாரம் கிடைத்தது. அந்த அடுக்ககங்களின் வரவேற்பறைகளுக்குத்தான் தாமரைக்குள ஓவியம் போகிறது, சோபாவின் நிறத்துக்குப் பொருத்தம் பார்த்து. குளத்தின் மேல் வீடு. வீட்டுக்குள் குளத்தின் படம். குளிர்ச்சி என்பது இப்படித்தான் வேலை செய்கிறது. இயற்கையை இழந்த உறுத்தலை அது ஆற்றிவிடுகிறது. ஷட்டரில் கூழைக்கடாவை வரைந்த பையன் ஆற்றவில்லை, கிளறுகிறான். பள்ளிக்கரணைக்கு வந்துபோகும் பறவையை, பூட்டிய கடையின் இரும்பில், எழுத்துகளுக்கிடையே மூச்சுமுட்ட நிறுத்தியிருக்கிறான். லிஸ்பனில் பொர்டாலோ என்ற கலைஞர் கார் பம்பர், டயர், பிளாஸ்டிக் தொட்டி என்று குப்பையைக் கொண்டே பிரம்மாண்டமான விலங்குகளைச் சுவர்களில் எழுப்புகிறார். விலங்கைக் கொல்லும் பொருளாலேயே விலங்கு. இதெல்லாம் இயற்கை ஓவியம் இல்லை என்றால் வேறு எது?

அரசாங்கமும் இந்தக் குளிர்ச்சியைக் கற்றுக்கொண்டுவிட்டது. போஸ்டர் ஒட்டாமலிருக்கச் சாலையோரச் சுவர்களில் மயிலும் மலையும் வரைகிறார்கள். ஆற்றங்கரைகளிலிருந்து அப்புறப்படுத்தப்பட்டவர்கள் குடியேற்றப்பட்ட கண்ணகி நகரில் 2020-இல் பெரிய பெரிய சுவரோவியங்கள் வந்தன. வரைந்த கலைஞர்களைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது. சில சுவர்கள் உண்மையிலேயே நிமிரவைக்கின்றன. ஆனால் பார்க்கப் போகிறவர்கள் படம் எடுத்துக்கொண்டு, "இடமே மாறிப்போச்சு" என்று திரும்பினால், அங்கே வண்ணமும் திரைச்சீலைதான். நகரத்தின் நடுவில் வாழ்ந்தவர்கள் ஏன் இவ்வளவு தூரம் வந்தார்கள் என்று கேட்கவைக்கிற சுவர்தான் அந்த இடத்துக்கு நியாயம் செய்யும்.

அதனால்தான் அந்தச் சின்ன கேலரி செய்தது பெரிய காரியம் என்கிறேன். இரண்டு அறைகளையும் ஒரே கூரைக்குக் கீழ் வைத்ததில் ஒரு வாதம் இருக்கிறது. கூழைக்கடாவைப் பார்த்துவிட்டுத் தாமரைக்குளத்துக்குத் திரும்பி வந்தேன். முதல் தடவை கண்ணில் படாத ஒன்று இப்போது பட்டது: குளத்தின் வலது ஓரத்தில், நீர் முடிகிற இடத்தில், மெல்லிய சாம்பல் கோடாக ஒரு காம்பவுண்டுச் சுவர். ஓவியர் ஒளித்துவைக்கவில்லை. நான்தான் குளிர்ந்துபோய் நின்றிருந்தேன்.

வெளியே வரும்போது நோட்டை இழுத்து, அந்த மணிமணியான வரிக்குக் கீழே எழுதினேன்: "இரண்டாவது அறையைத் தவிர்த்தவர் முதல் அறையையும் பார்க்கவில்லை." எழுதி முடித்த பிறகுதான் உறைத்தது. இன்னொருவர் எழுத்தின்மேல் உரசிக்கொண்டு, அவரைக் கேட்காமல், என் கருத்தைக் கிறுக்கியிருக்கிறேன். அடித்துவிட மனம் வரவில்லை. கீழே பெயரையும் போட்டுவிட்டு வந்தேன்.