விளையாட்டு வாரம் வீண்பொழுதா?

பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு

“ஐந்தில் வளையாதது ஐம்பதில் வளையுமா?” என்பது நம் முன்னோர் மொழிந்த பழமொழி. இதைச் சொல்லித்தான் ஐந்து வயதுக் குழந்தையின் தோளில் நாம் புத்தகப் பையை ஏற்றுகிறோம். ஆனால் குழந்தை எதை நோக்கி வளைய வேண்டும்? ஏட்டை நோக்கி மட்டுமா?

இவ்வாண்டு குழந்தைகள் தினத்தையொட்டி எங்கள் பள்ளியின் தொடக்கப் பிரிவில் ‘நட்பு, விளையாட்டு, கலை வாரம்’ ஐந்து நாள்கள் நடைபெற்றது. உதவிக்குச் சென்ற பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களிடம் தாய்மார் சிலர், “ஒரு வாரப் பாடம் போயிற்றே!” என்று வருந்தினார்கள். அவர்களது வருத்தத்தை நாங்கள் மதிக்கிறோம். எனினும் எங்கள் கருத்தையும் கூற விரும்புகிறோம்.

முதலில் கணக்குப் பார்ப்போம். 2009ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம், முதல் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்பு வரை ஆண்டுக்குக் குறைந்தது 200 வேலை நாள்கள் என்று வகுத்திருக்கிறது. ஐந்து நாள் என்பது அதில் நாற்பதில் ஒரு பங்கே! ஒரு பள்ளிக்கு வேண்டியவை இவை என்று அச்சட்டம் தரும் பட்டியலில், வகுப்பறையோடும் நூலகத்தோடும் விளையாட்டுத் திடலும் விளையாட்டுப் பொருள்களும் இடம்பெற்றுள்ளன. ஐக்கிய நாடுகள் அவை 1989இல் நிறைவேற்றிய குழந்தை உரிமை உடன்படிக்கையின் 31ஆம் பிரிவு, ஓய்வும் விளையாட்டும் கலையும் ஒவ்வொரு குழந்தையின் உரிமை என்று கூறுகிறது. இந்தியா 1992இல் அதை ஏற்றுக்கொண்டது. ஆகவே விளையாட்டு என்பது நன்றாகப் படித்த குழந்தைக்கு நாம் தரும் மிட்டாய் அன்று. அது எல்லாக் குழந்தைகளுக்கும் உரியது.

ஐந்து முதல் பதினேழு வயது வரை உள்ளவர்கள் நாள்தோறும் சராசரியாக 60 நிமிடம் உடல் வியர்க்க இயங்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. நம் நிலை என்ன? வாரத்தில் ஓரிரு முறை வரும் விளையாட்டுப் பாடவேளையையும், தேர்வு நெருங்கினால் கணக்குப் பாடம் கடன் வாங்கிக்கொள்ளும். அக்கடன் திருப்பிக் கொடுக்கப்பட்டதை நாங்கள் கண்டதில்லை.

அடுத்து, விளையாட்டுக்கும் நட்புக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். கோ-கோ ஆட்டத்தையே எடுத்துக்கொள்வோம். களத்தில் நிற்கும் ஒன்பது பேரில் எட்டுப் பேர் வரிசையில் எதிரும் புதிருமாகக் குந்தியிருப்பார்கள். ஒருத்தி மட்டுமே துரத்துவாள். அவள் ஓடத் தொடங்கிய திசையை மாற்றக் கூடாது. நடுக்கோட்டையும் தாண்டக் கூடாது. எதிரி மறுபக்கம் நழுவிவிட்டால், குந்தியிருக்கும் தோழியின் முதுகைத் தொட்டு “கோ” என்று குரல் கொடுத்துத் தன் வேலையை அவளிடம் ஒப்படைக்க வேண்டும். எவ்வளவு வேகமாக ஓடுபவளாயினும் தனியாக வெல்ல முடியாத ஆட்டம் இது. “பிறரோடு ஒத்து வாழ்” என்று கரும்பலகையில் நூறு முறை எழுதினாலும் இப்பாடம் இவ்வளவு எளிதாக மனத்தில் பதியுமா? மேலும், இவ்வாரத்தில் சீட்டுக் குலுக்கி அணி பிரித்தார்கள். வேனில் வருபவளும் நடந்து வருபவளும், முதல் மதிப்பெண் வாங்குபவளும் கடைசிப் பலகையில் இருப்பவளும் ஓரணியில் நின்றார்கள். நண்பகலில் ஒன்றாக அமர்ந்து சோற்றைப் பகிர்ந்தும் உண்டார்கள்.

கலையும் அவ்வாறே. மரியா மாண்டிசோரி அம்மையார் 1939இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்களுக்குப் பயிற்சி அளித்தார். கையால் செய்தே குழந்தை கற்கிறது என்பது அவர் கொள்கை. களிமண்ணில் சொப்பு செய்யும்போதும், தென்னை ஓலையில் கடிகாரமும் பீப்பியும் முடையும்போதும், வாய்ப்பாடு சொல்லத் திணறும் பிஞ்சு விரல்கள் எவ்வளவு கூர்மையாக எண்ணுகின்றன! செலவோ ஒரு காசும் இல்லை.

இங்கே ஒரு குறையையும் சொல்லியாக வேண்டும். பல இடங்களில் இத்தகைய வாரம், மாறுவேடப் போட்டி என்ற பெயரில் பெற்றோரின் பணப்பைக்கு வைக்கும் போட்டியாகிவிடுகிறது. வாடகைக்கு எடுத்த பட்டும் நகையும் பரிசு பெறும். பழைய சேலையைக் கிழித்துத் தானே உடை தைத்துக்கொண்ட சிறுமி கைதட்டுவதோடு நிற்பாள். அம்மா செய்து கொடுத்த அட்டை வீட்டுக்கு முதல் பரிசு கிடைத்தால் குழந்தை கற்றது என்ன? எனவே பொருள்களை எல்லாருக்கும் ஒன்றாகப் பள்ளியே தர வேண்டும். வேலை வகுப்பறையிலேயே நடக்க வேண்டும். ஓட்டத்தில் முதல் மூவருக்குக் கோப்பை கொடுப்பது தவறன்று. ஆயினும் எல்லாக் குழந்தைகளும் ஏதேனும் ஒன்றில் கட்டாயம் பங்குபெறும்படி திட்டமிட வேண்டும். வேடிக்கை பார்க்கும் குழந்தை ஒன்று இருந்தாலும் அவ்வாரம் முழுமை பெற்றதாகாது.

பெண் குழந்தைகளுக்கு இது இன்னும் முக்கியம். ஆறாம் வகுப்புக்கு வந்ததும், “பெண்பிள்ளைக்கு என்ன ஓட்டம்?” என்ற சொல் பல வீடுகளில் எழுகிறது. அதன் பிறகு திடல் தம்பிக்கு, திண்ணை அக்காவுக்கு! ஆனால் 2025 ஜனவரியில் புது தில்லியில் நடந்த முதலாவது கோ-கோ உலகக் கோப்பையை நம் நாட்டுப் பெண்கள் அணி வென்றது. அவ்வீராங்கனைகளும் ஒரு காலத்தில் மண்ணில் குந்தி, தோழியின் “கோ” என்ற குரலுக்காகக் காத்திருந்த சிறுமியரே. தொடக்கப் பள்ளியில் ஓடிப் பழகாத கால்கள் பின்னாளில் திடீரென ஓடிவிடா. பழமொழி இவ்விடத்திற்கும் பொருந்துகிறது அல்லவா?

ஆகையால் பெற்றோர்களே, இவ்வாரத்தைப் பாடத்தின் இழப்பாகக் கருதாதீர்கள். மாலையில் மண் படிந்த சீருடையோடு வரும் மகளிடம், “என்ன மதிப்பெண்?” என்று கேட்கும் முன், “இன்று யாரோடு விளையாடினாய்?” என்று கேளுங்கள். ஆசிரியப் பெருமக்களே, அருட்சகோதரிகளே, அடுத்த ஆண்டும் இவ்வாரத்தை நடத்துங்கள். அதோடு மீதமுள்ள வாரங்களிலும் விளையாட்டுப் பாடவேளை கடன் போகாமல் காத்தருளுங்கள். தங்கையரே, நன்றாகப் படியுங்கள், நன்றாக விளையாடுங்கள். அணியில் இடமில்லாமல் ஓரமாக நிற்கும் தோழியைக் கண்டால், ஓடிச் சென்று அவள் கையைப் பற்றி அழைத்து வாருங்கள்.